சர்வருக்குப் பின்னால் ஒரு கை

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். புத்தி சாவகாசமாகப் பின்னால் வந்து சேரும். வீட்டில் எல்லாரும் இதைப் பொறுத்துக்கொண்டார்கள், நானும் பெரிய குறையாக நினைத்ததில்லை. இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் நவம்பரில், நான் கோபத்தில் சொன்ன இரண்டு வாக்கியங்களால் ஒரு பெண்மணியின் வேலை போவதாக இருந்தது. சொன்னது சரிதானா என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை.

அப்போது பூனாவை ஒட்டிய நிக்டியில் இருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருடம். கணவருக்கு வங்கியில் வேலை. எனக்கு போசரி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் வேலை. மேய்ப்பதற்கு ஆள் நான் ஒருத்திதான். சரக்கு இருப்பு, லாரிக்குக் கொடுக்கும் சலான், ஆட்களின் வருகைப் பதிவு எல்லாம் ஒரே ஒரு சர்வரில் ஓடின. கடையில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த பெட்டி அது. லினக்ஸ் போட்டால் நிற்காமல் ஓடும் என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் நிற்காமல்தான் ஓடியது.

சர்வர் இருந்தது பழைய வரைபட அறையில். ஒரு இரும்பு ராக்கில், சுவரை ஒட்டி. பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அதே அறையில்தான் என் மேசை, கழற்றிப் போட்ட கீபோர்டுகள், என் கைப்பை, சாப்பாட்டு டப்பா எல்லாம். நான் படித்த இடத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போக விடமாட்டார்கள். இங்கேயும் அதே சட்டத்தைப் போட்டிருந்தேன். வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தினமும் உள்ளே வருகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று மாவ்சி.

மாவ்சி என்றால் மராத்தியில் சித்தி. துப்புரவு வேலை செய்யும் பெண்களை அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் மாவ்சிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர். காலை எட்டு மணிக்கு செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி அறையைத் துடைப்பார். பத்து மணிக்குக் குப்பைக் கூடையை எடுக்க மறுபடி வருவார். என்னைவிட வயதில் மூத்தவர் என்றாலும் என்னைத் ‘தாயி’ என்பார், அதாவது அக்கா. மதியம் எதிரே பார்த்தால், “தாயி, ஜேவ்லாத் கா?” என்று கேட்பார். சாப்பிட்டீர்களா என்று அர்த்தம். எனக்கு அந்த அளவுக்குத்தான் மராத்தி தெரியும். மீதிக்கெல்லாம் உடைந்த ஹிந்தி.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்பே பூனாவில் குளிர் வந்துவிட்டது. ஒரு நாள் பத்து மணிக்கு நான் வெளியே போய்விட்டு அறைக்குத் திரும்பும்போது, மாவ்சி சர்வருக்குப் பின்னால் கையை விட்டு எதையோ நகர்த்திக்கொண்டிருந்தார். எனக்குப் பகீரென்றது. பின்னால் எல்லாமே ஒயர்கள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கை, அதே இடம். கத்திவிட்டேன். ஹாத் மத் லகாவோ, அங்கே எதையும் தொடக் கூடாது, என் சாமானைத் தொடக் கூடாது என்று வராண்டா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் காது கொடுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரமே சர்வர் நின்றது. காலை பதினொரு மணி வாக்கில், ஸ்டாக் ரிப்போர்ட் ஓடும்போது, திரை அப்படியே உறைந்துபோனது. ஆஃப் செய்து ஆன் செய்தேன், வந்தது. நாலு நாள் கழித்து மறுபடி நின்றது. மூன்றாவது முறை ஒரு புதன்கிழமை. கையை வைத்துப் பார்த்தால் பெட்டி தோசைக்கல் மாதிரி கொதித்தது. உள்ளே காற்றாடி நின்றிருக்க வேண்டும், யாரோ ஒயரை இழுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். ‘யாரோ’ என்பதற்கு என் மனதில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. நான் கத்தியதற்கு வீம்புக்குச் செய்கிறார் என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். அவரும் தமிழர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாகப் பூனாவாசம். தமிழ் பேசினால் பாதிக்குப் பாதி ஹிந்தி கலக்கும்.

“என்னம்மா, திரும்பியும் பந்த் ஆயிடுத்தா? டிஸ்பாட்ச்ல ட்ரக்வாலா சத்தம் போடறான். சலான் இல்லாம கேட்ல எத்தனை நாழி நிப்பான்?”

“இந்த ரூமுக்குள்ள நானும் மாவ்சியும்தானுங்க சார் வரோம். மாவ்சி சர்வருக்குப் பின்னாடி கை விடறத ரெண்டு தடவ நானே பாத்தேனுங்க.”

இவைதான் அந்த இரண்டு வாக்கியங்கள். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. நம்ம ஊர்ப் பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

“மாவ்சியா? அப்போ பாக்கி என்ன இருக்கு? கான்ட்ராக்டருக்கு போன் பண்ணிடறேன். ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேற ஆள் வரட்டும். இந்த மாவ்சி வேண்டாம்.”

அவர் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே மாவ்சி வராண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் தமிழில். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது என்று ஆறுதல் பட்டேன். ஆறுதல் பட்ட அடுத்த நிமிடமே ஒன்று உறைத்தது. நான் பார்த்தது ஒரு கையை. அந்தக் கை என்ன செய்தது என்று நான் பார்க்கவே இல்லையே?

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

“நீ பாத்தத சொன்ன. விடு கண்ணு,” என்றார்.

“நான் பாத்ததுக்கு மேல சொல்லிப்போட்டனுங்க.”



மதர்போர்டில் ஒரு சின்ன சில்லு உண்டு. பிராசசரின் சூடு எத்தனை டிகிரி, காற்றாடி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் கேட்டால்தான் சொல்லும். கேட்பதற்கு லினக்ஸில் ஒரு இலவச மென்பொருள் இருந்தது. அதைப் போட்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் சூட்டையும் சுற்றையும் எழுதி வைத்தால், மாவ்சி உள்ளே வரும் நேரத்தில் காற்றாடிக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துவிடும். அவர் குற்றவாளி என்றால் என் மனம் ஆறும். இல்லையென்றால் ஒன்றாம் தேதிக்குள் நான் வாயைத் திறக்க வேண்டும்.

போசரியில் வியாழக்கிழமைதான் வார விடுமுறை. மறுநாள் காலை கணவர் வங்கிக்குப் போகும் வழியில் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மிஷின் சத்தம் இல்லாத தொழிற்சாலையில் என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. கட்டளையைத் தட்டினேன். அந்த மென்பொருள் கேள்வி கேட்க ஆரம்பித்தது. இந்த இடத்தைத் தட்டிப் பார்க்கட்டுமா? சில இயந்திரங்கள் இதில் உறைந்துபோகலாம், சம்மதமா? அடுத்த இடத்தையும் பார்க்கட்டுமா? ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் படித்துவிட்டே ‘ஆம்’ என்று அடித்தேன். தொழிற்சாலை முழுவதும் அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது. இதுவும் போனால், ஒன்றாம் தேதி மாவ்சியோடு நானும் வெளியே போக வேண்டியதுதான்.

உறையவில்லை. சில்லைக் கண்டுபிடித்துவிட்டது. ஆவலோடு அளவுகளைக் கேட்டேன். பிராசசரின் சூடு நூற்று இருபத்தேழு டிகிரி. காற்றாடியின் வேகம் பூஜ்யம்.

தூக்கிவாரிப் போட்டது. எழுந்து ஓடிப்போய்ப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். காற்றாடி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. உலோகத்தை விரலால் தொட்டால் வெதுவெதுப்புதான். நூற்று இருபத்தேழு என்றால் விரல் கொப்பளித்திருக்கும். ஆக, சில்லு சொல்வது பொய்.

அதைச் சரிசெய்ய மத்தியானம் வரை ஆனது. அமைப்புக் கோப்பில் எந்த வகை உணரி என்று தப்பாக எழுதியிருந்ததால் சூடு தப்பு. காற்றாடி மெதுவாகச் சுற்றும் ரகம். அந்த வேகத்தை எண்ண, வகுக்கும் எண் ஒன்றைப் பெரிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணத் தெரியாமல், ஓடுகிற காற்றாடியை நின்றுவிட்டது என்று சொல்லிவிடும். எந்த வரி எந்தக் காற்றாடிக்கு என்பதிலும் குழப்பம். பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு காற்றாடியையும் ஒரு கணம் நிறுத்தி, எந்த எண் விழுகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டேன். கடைசியில் ஐம்பது டிகிரி, இரண்டாயிரத்து எழுநூறு சுற்று என்று வந்தபோது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். நிமிடத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. தினமும் மாவ்சி வருவார், துடைப்பார், மதியம் ஜேவ்லாத் கா என்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுவேன். கனமான ரிப்போர்ட்டுகளை மதியத்துக்குத் தள்ளி வைத்திருந்ததால் சர்வர் நிற்கவில்லை. பயத்தில், கோப்பைத் தினமும் எட்டிப் பார்ப்பதோடு சரி, முழுதாகப் படிக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மொத்தத்தையும் அச்செடுத்து, மடிப்பு மடிப்பான அந்தக் காகிதக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வியாழக்கிழமை விடுமுறை. சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்தேன். காற்றாடி ஒரு நாளும் நின்றிருக்கவில்லை. ஆனால் சூடு தினமும் காலையில் ஏறியது. பத்து மணிக்கு ஐம்பத்தெட்டு, பதினொன்றுக்கு எழுபது. ஒழுங்காகப் பன்னிரண்டரைக்கு மேல் இறங்கியது. பத்து மணி என்று கண்ணில் பட்டதும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாவ்சி குப்பைக் கூடை எடுக்கும் நேரம். நான் சொன்னது சரி.

அந்தச் சந்தோஷம் ஒரு காபி குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. கொஞ்சம் மேலே பார்த்தால், ஏற ஆரம்பிப்பது பத்துக்கு அல்ல, ஒன்பதரை தாண்டியதும். அப்போது அறையில் நான் மட்டும்தான் இருப்பேன். எட்டு மணிக்கு அவர் துடைத்துவிட்டுப் போகும்போது எண்ணில் அசைவே இல்லை. இன்னொரு விசித்திரம், வெள்ளிக்கிழமை மட்டும் சூடு ஏறவே இல்லை. அன்று முழு வேலை நாள். மாவ்சி வந்திருந்தார், நானும் இருந்தேன், ஏ.சி. அதேதான். எல்லாம் மற்ற நாட்களைப் போலவே இருந்தது. சாயங்காலம் வரை மேசையை விட்டு எழவில்லை. தலை வலித்ததுதான் மிச்சம். மறுநாள் வெள்ளி, மாதத்தின் கடைசி நாள். சனிக்கிழமை டிசம்பர் ஒன்று.

காலையில் சமையலறையில் கணவர் தன் டப்பாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“உனக்கு இன்னைக்கு டப்பா வேண்டாமில்ல கண்ணு? வெள்ளிக்கெழம.”

எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் சாப்பாடு. அதனால் வெள்ளிக்கிழமைகளில் நான் டப்பா கொண்டுபோவதில்லை.

அப்போதுதான் விளங்கியது. பூனாக் குளிரில் சோறு பத்து மணிக்கே சில்லிட்டுப் போகும். எங்கள் கேன்டீனில் சுட வைக்க வசதி கிடையாது. அதனால் குளிர் ஆரம்பித்த நாளிலிருந்து, அகலமான எவர்சில்வர் டப்பாவைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி, வெதுவெதுப்பான காற்று வருகிறதே என்று சர்வருக்குப் பின்னால் இருந்த ஒரு சாண் இடைவெளியில் செருகி வைப்பேன். வந்ததும் ஒன்பதரைக்கு வைப்பேன், பன்னிரண்டரைக்குச் சாப்பிட எடுப்பேன். பெட்டி தன் சூட்டை வெளியே தள்ளும் வாயை, தினமும் மூன்று மணி நேரம், துண்டு போட்டு நானே அடைத்திருக்கிறேன். மூன்று முறை சர்வர் நின்று நான் ஓடிப்போய்ப் பார்த்தபோதும் டப்பா அங்கேயேதான் இருந்தது. என் டப்பா என்பதால் அது என் கண்ணில் படவே இல்லை.

“டப்பா போடுங்க,” என்றேன்.

“விரதம்?”

“திங்கறதுக்கில்லீங்க.”

ஒன்பதே முக்காலுக்கு டப்பாவைத் துண்டோடு அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். ஐம்பது. ஐம்பத்து நாலு. ஐம்பத்தொன்பது.  எண்பதைத் தாண்டினால் மறுபடி உறைந்துவிடும், லாரிகள் நிற்கும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், நான் நினைத்தது சரியாக இருந்துவிடுமே என்பது. எழுபத்தொன்றில் தாங்க முடியாமல் டப்பாவை இழுத்து எடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அறுபது. அரை மணியில் ஐம்பத்திரண்டு.

மேனேஜர் அறைக்குப் போய்க் காகிதத்தை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“தயிர்சாதமா நம்ம சர்வரை பந்த் பண்ணித்து?”

“சார், மாவ்சிய எடுக்க வேண்டாமுங்க. இப்பவே போன் பண்ணுங்க.”

“பண்றேன். ஆனா இந்த டப்பா கதையை வெளில சொல்லாதே. உனக்குத்தான் அசிங்கம். காத்து வாங்கற வழி அடைச்சிருந்ததுன்னு ரிப்போர்ட் எழுதிடு, போதும்.”

கான்ட்ராக்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேறு பெண்ணை ஏற்கெனவே வரச் சொல்லியிருப்பாரோ என்று பயந்தேன். அரை மணிக்கு ஒரு தரம் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றேன். மூன்றாவது தடவை, “உக்காரும்மா, நீ நிக்கறதால போன் எடுத்துட மாட்டான்,” என்றார். மூன்று மணிக்குத்தான் ஆள் கிடைத்தார். மாவ்சி இருக்கட்டும் என்று இரண்டே நிமிடத்தில் பேச்சு முடிந்தது. வேலையை எடுக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது.

ரிப்போர்ட்டில் மேனேஜர் சொன்னதைத்தான் எழுதினேன். யார் அடைத்தது என்று எழுதவில்லை. அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் மாவ்சியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தேடிக்கொண்டு போனேன். பின்பக்கக் குழாயடியில் துடைப்புத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். வார்த்தைகளை மனதுக்குள் கோத்துக்கொண்டு, என் உடைந்த ஹிந்தியில் சொன்னேன். மிஷின் சூடானது என் டப்பாவால்தான். உங்கள் மேல் தப்பு இல்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவர் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“மீ தோன்தா பாஜூலா டேவ்லா ஹோத்தா,” என்றார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து ஹிந்தியில் மறுபடி சொன்னார். இரண்டு தடவை நான்தான் அந்த டப்பாவைத் தள்ளி வைத்தேன் தாயி. அங்கே அனல் அடித்தது. தொடக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள், விட்டுவிட்டேன்.

 உங்கள் வேலைக்கு இனி ஆபத்து ஒன்றும் இல்லை, நாளைக்கு வழக்கம்போல வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வேலை போக இருந்ததே அவருக்குத் தெரியாது, இதைச் சொல்லி வீணாகக் கலவரப்படுத்துகிறேனோ என்றும் ஒரு யோசனை ஓடியது.

அவர் தலையை ஆட்டினார். “தெரியும் தாயி. அன்றைக்கு நீங்களும் சாஹேபும் பேசினீர்களே. உங்கள் பாஷை எனக்குப் புரியாது. ஆனால் மாவ்சி, மாவ்சி என்று நடுநடுவே சொன்னீர்கள். சொல்லிவிட்டு நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அன்றைக்கே வீட்டில் மகளிடம் சொல்லிவிட்டேன், இந்த மாதத்தோடு சரி என்று.”

அதன் பிறகும் அவர் தினமும் எட்டு மணிக்கு வந்து என் அறையைத் துடைத்திருக்கிறார். மதியம் எதிரே பார்த்தபோதெல்லாம் சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டிருக்கிறார்.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அன்றும் கேட்டார்.

“ஜேவ்லாத் கா, தாயி?”

இல்லை என்றேன்.